தீமைக்கு முகம் உண்டா?



மனிதன் ஏன் இவ்வளவு கொடியவனாக மாறுகிறான்? பத்திரிகையைப் பிரித்ததும் நம் வாயில் வரும் கேள்வி இது. பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்டால், "எல்லாம் ஷைத்தானுடைய வேலை" என்பார். அதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பதில் கிடைத்ததும் நாம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். ஷைத்தான் நேரில் வந்து யாரையும் அடித்ததாகச் செய்தி வருவதில்லையே! அடித்த கை எப்போதும் ஒரு மனிதனுடைய கையாகத்தான் இருக்கிறது. அந்தக் கை யாருடையது, அது எப்படி ஓங்கியது என்று கதை எழுதுகிறவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். இம்மாதம் அதைப் பற்றி, நம் ஊவா மலைகளை வைத்தே கொஞ்சம் பேசுவோம்.

சினிமா நமக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. நம்பியார் திரையில் வந்து கைகளைப் பிசைந்தால் போதும், கெட்டவன் வந்துவிட்டான் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். உயர்ந்த இலக்கியத்திலும் இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் இயாகோ என்றொருவன் வருகிறான். ஒரேயொரு கைக்குட்டையை வைத்து ஒரு நல்ல குடும்பத்தையே அழித்து விடுகிறான். ஏன் செய்தாய் என்று கடைசியில் கேட்கும்போது வாயைத் திறக்க மறுத்துவிடுகிறான். நானூறு ஆண்டுகளாக அறிஞர்கள் அந்த மௌனத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கச் சுவையான பாத்திரம்தான். ஆனால் பதுளை பஸ் நிலையத்திலோ பண்டாரவளைச் சந்தையிலோ ஓர் இயாகோவை நீங்கள் சந்தித்ததுண்டா?

நாம் சிறு வயதில் உம்மாவின் மடியில் கேட்ட கதைகள் வேறு மாதிரி. மனிதரின் முதல் கொலையைச் செய்தவன் எங்கிருந்தோ வந்த கொள்ளைக்காரன் அல்லன். ஹாபீலுக்குக் கூடப்பிறந்த காபீல். யூஸுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்டவர்களும் சொந்தச் சகோதரர்கள்; போட்டுவிட்டு மாலையில் அழுதுகொண்டே வாப்பாவிடம் வந்தார்கள். இப்லீஸின் கதையைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். அவன் செய்த முதல் குற்றம் கொலையுமல்ல, களவுமல்ல. ஆதம் (அலை) அவர்களைவிடத் தான் உயர்ந்தவன் என்று எண்ணினான், அவ்வளவுதான். இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மலைக்கு வாருங்கள்.

பதுளையிலிருந்து பசறைப் பக்கமோ ஹாலி-எலப் பக்கமோ போகும்போது ஜன்னலோரத்தில் தேயிலை மலை சுற்றிச் சுற்றி வரும். அப்புத்தளைக்கு மேலே லிப்டன் துரை உட்கார்ந்து பார்த்த இடம் என்று ஒன்று உண்டு. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து அங்கே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த மலைகளில் கொழுந்து பறிப்பவர்களின் வாழ்க்கையைத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். மருதி என்ற ஏழைப்பெண் ஆள்கட்டும் ஏஜெண்டின் பேச்சை நம்பி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து சீரழிகிற கதை அது. கோகிலம் சுப்பையா என்ற பெண்மணியின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. வட்டகொடையைச் சேர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை கவிதையாகவும் கதையாகவும் எழுதினார். 1947இல் பாராளுமன்றத்துக்கும் போனவர். நம் ஊவாவுக்கென்று சொந்தமாக ஒருவர் இருந்தார், தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 2013இல் தமிழகத்தில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். 2022இல் காலமானார்.

இவர்களைப் படித்தபோது எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளைத்துரை குதிரையில் வருகிறார், சாட்டை வைத்திருக்கிறார், உண்மைதான். ஆனால் தொழிலாளியின் அன்றாட வாழ்வில் துரை எத்தனை முறை குறுக்கிடுகிறார்? விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பேரைக் கூப்பிடுகிறவர், பிந்தி வந்தவளைத் திருப்பி அனுப்புகிறவர், முழுப்பேரை அரைப்பேராக்குகிறவர் எல்லாம் வேறு ஆட்கள். கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான் அவளுக்குத் தெரிந்த அதிகாரம்.

பெரிய கங்காணி என்பவர் யார்? அநேகமாக அந்த மக்களின் ஊரைச் சேர்ந்தவர்; அதே பாஷை பேசுகிறவர். ஊரில் முன்பணம் கொடுத்து ஆளைச் சேர்த்துக் கூட்டி வந்தவர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் அவருக்குத் தலைக்காசு உண்டு. முன்பணம் கடனாக ஏறிக்கொண்டே போகும். 'துண்டு' என்றொரு முறையும் இருந்தது. இன்ன கடனைக் கட்டினால் இன்ன ஆளை விடுவேன் என்று ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டோடு அடுத்த தோட்டத்துக்குப் போனால் அந்தக் கடன் அங்கே தொடரும். ஒரு குடும்பத்தின் விடுதலை அந்தச் சிறு காகிதத்தில் அடங்கியிருந்தது. 1921இல்தான் சட்டத்தினால் அது ஒழிந்தது. காகிதத்தை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று சொல்ல முடியாது. கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறோம் என்றுகூட நினைத்திருப்பார்.

நம் மலைகளுக்குத் தெற்கே, அம்பாந்தோட்டைக் காட்டுப் பகுதியை வைத்து லெனார்ட் வுல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1913இல் ஒரு நாவல் வெளியிட்டார். அந்த மாவட்டத்தில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் அவர். பின்னாளில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைச் சிங்களத்தில் 'பெத்தேகம' என்று படமாக்கினார். அந்தக் கதையில் வரும் கிராமத் தலைவனுக்கு ஓர் ஏழை வேடன்மீது மனஸ்தாபம். கத்தியெடுத்துக் குத்தவில்லை. சேனை வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டுக் கொடுக்காமல் விடுகிறான். வரி கட்டவில்லை என்று மேலே அறிக்கை அனுப்புகிறான். எல்லாம் சட்டப்படி. கதை முடியும்போது அந்தக் கிராமமே காட்டுக்குள் மறைந்து போகிறது. அரசாங்க மேசையில் உட்கார்ந்து இத்தகைய சீட்டுகளில் கையெழுத்திட்ட ஒருவரே இதை எழுதினார் என்பதுதான் அந்த நாவலின் பலம் என்று நான் நினைக்கிறேன்.

ஐரோப்பாவிலும் இதே கேள்வி பெரிதாக எழுந்தது. ஹிட்லரின் ஆட்சியில் யூதர்களைச் சாவு முகாம்களுக்கு ரயிலேற்றும் ஏற்பாடுகளைக் கவனித்தவன் ஐக்மன். 1961இல் ஜெருசலேமில் அவனை விசாரித்தார்கள். அரக்கனைப் பார்க்கப் போன ஹன்னா அரெண்ட் என்ற அறிஞர், கூண்டில் ஒரு சாதாரண உத்தியோகத்தனைத்தான் கண்டதாக 1963இல் எழுதினார். மேலிடம் சொன்னது, நான் செய்தேன் என்ற பேச்சு. சிந்திக்க மறுப்பதே பெரிய தீமையாகிவிடும் என்பது அவருடைய முடிவு. ஐக்மன் வெறும் எழுத்தன் அல்லன், வெறுப்போடும் ஆர்வத்தோடும் தான் செய்தான் என்று பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைக் காட்டி மறுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது. ஆயினும் அரெண்ட் காட்டிய மனிதன் பொய்யாகிவிடவில்லை. அவன் ஐக்மனுக்குக் கீழே, ரயில் நேரத்தைக் குறித்துக்கொண்டு நூறு மேசைகளில் உட்கார்ந்திருந்தான்.

இனித் தராசுக்கு வருகிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். காலை முதல் குளிரிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக்கணக்கில் கழிப்பார்கள். கழிக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்பது தோட்டப் பெண்களின் நெடுநாள் முறைப்பாடு. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ என்ன பெரிய தீமை என்று கேட்கலாம். ஷுஐப் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட மத்யன் மக்களை நினைத்துப் பாருங்கள். அளவிலும் நிறுவையிலும் குறைத்ததற்காக எச்சரிக்கப்பட்டவர்கள் அவர்கள். அளவில் மோசம் செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஒரு ஸூரா இருக்கிறது. கொலைகாரன் பெயரில் ஒரு ஸூரா இல்லை. இது ஏன் என்று ஆலிம்கள் விளக்கட்டும். கதை வாசிப்பவளாக எனக்குத் தோன்றுவது இது: தராசில் கை வைக்கிறவன் எதிரே நிற்பவரைத் தன்னிலும் குறைந்தவராக முன்னமே மனத்தில் நிறுத்துவிட்டான். ஆதமைப் பார்த்து இப்லீஸ் போட்ட கணக்கும் அதுதானே!

1948இல் பாராளுமன்றத்தில் கைகளை உயர்த்திக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது நிறுத்துப் பார்த்ததும் இதே தராசில்தான். தலைமுறை தலைமுறையாக இங்கே உழைத்தவர்கள் ஒரு வாக்கெடுப்பில் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து ஐந்தேகால் இலட்சம் பேர் உனக்கு, மூன்று இலட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளையின் 'நாடற்றவர் கதை' என்ற தலைப்பு ஒன்றே போதும்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்ற சிறுகதையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெண்கள் படிக்கும் பத்திரிகையில் இதை எப்படிச் சொல்வதென்று தயக்கமும் இருக்கிறது. லயத்தில் ஒரே ஒரு காம்பிரா. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோரும் படுக்க வேண்டும். மகள் பெரியவளாகிவிட்டாள். ஓர் இரவு இருட்டில் தகப்பனின் கை ஆள் மாறிப் பட்டுவிடுகிறது. அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் விடிந்ததும் அந்த மனிதன் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கூனிப் போகிறான். வேறொரு காம்பிரா கிடைக்காதா என்று அலைகிறான்.

இந்தக் கதையில் கெட்டவன் யார்? தகப்பனா? அவனைக் குற்றம் சொல்ல மனம் வராது. துரையா? அவர் அந்த இரவில் பங்களாவில் தூங்கிக்கொண்டிருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று எப்போதோ ஒருவர் கோடு கிழித்தாரே, அவரா? அவர் செத்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அவமானம் மட்டும் அந்த வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. தீமை செய்தவன் இல்லாமலே தீமை நடக்கக்கூடும் என்பதை இவ்வளவு சிறிய கதையில் வேறு யாரும் காட்டி நான் படித்ததில்லை. நம் வீட்டில் குமரிருந்தால் தனியறை இல்லையே என்று எவ்வளவு தவிக்கிறோம்! அந்தத் தவிப்பு லயத்துத் தாய்க்கு இருக்காதா?

இப்படி அமைதியாக நடக்கும் தீமை வேறு; கூட்டமாகத் திரண்டு வருவது வேறு. அதையும் ஊவா கண்டிருக்கிறது. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி காலை, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. அங்கிருந்த தமிழ் இளைஞர்களில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுக்குள் அத்தனை பேரையும் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் போனவர்களும் மறுநாள் காலையில் தேநீர் குடித்திருப்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பார்கள். அந்த மறுநாள் காலையை எழுதிய கதை ஒன்றை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். பலியானவனின் பக்கம் நின்று எழுதுவதற்கு நம்மிடம் ஆட்கள் உண்டு. அடித்துவிட்டு வீடு திரும்பியவனின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவனுடைய நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று எழுதுவதற்குத்தான் ஆளில்லை. 1915 கலவரத்தையும் 2018இல் திகனையையும் கண்ட நமக்கும் அந்தக் கதை தேவை.

அப்படிப்பட்ட ஒருவரை நம் வரலாறு மறைக்காமல் வைத்திருக்கிறது. உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்ற வஹ்ஷி ஓர் அடிமை. அந்த ஒரு காரியத்தைச் செய்தால் விடுதலை என்று எஜமானர் வாக்களித்திருந்தார். விடுதலை வேண்டும் என்று ஓர் அடிமை ஆசைப்படுவது குற்றமா? பிறகு அவர் இஸ்லாத்தைத் தழுவியபோது நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தம் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்றும் கேட்டார்கள். மன்னிப்பும் உண்டு, ஆறாத நோவும் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும் இந்த வரலாற்றைப் படித்த பிறகு, கங்காணியையும் வெறும் அரக்கனாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தலைக்காசு அவனுக்கு வாக்களிக்கப்பட்ட விடுதலை. லயத்திலிருந்து வெளியே போக அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதற்கு விலை கொடுத்தவர்கள் அவனுடைய சொந்த ஊர் மனிதர்கள்.

2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஏதோ ஒரு கோப்பில் இருந்தது. வுல்ஃபின் கிராமத் தலைவன் காகிதம் அனுப்பிக் கொன்றான். இங்கே காகிதத்தை எடுத்துப் பார்க்காமலே அந்தக் காரியம் நடந்து முடிந்தது.

சகோதரிகளே, இதுவரை சொன்னதெல்லாம் மலைக்கு மேலே நடந்தவை. மலைக்குக் கீழே, பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் வெலிமடையிலும் கடை வைத்திருப்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! மலையகக் கதைகளில் கடைக்கார நானாவும் வருவார். சில கதைகளில் சம்பள நாள் வரை கடன் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர். சில கதைகளில் கடன் கொப்பியில் ஒன்றை இரண்டாக எழுதுகிறவர். இரண்டும் நடந்தவைதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு அந்தக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? நானா சொல்வதுதான் கணக்கு. 1984 வரை ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவான சம்பளம் என்றிருந்த இடம் அது. அந்தக் குறைந்த சம்பளத்தையும் பல வீடுகளில் புருஷன்தான் கைநீட்டி வாங்கினான். சாராயக்கடைக்குப் போய் மிஞ்சியதுதான் அரிசிக்கு. அதற்கும் பிறகுதான் நம் கொப்பி.

இன்னொன்று, நம் அடுப்படி. தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை என்று நாம் சொல்வோமே, அந்தப் பிள்ளை. 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தபோது நாடே அதைப் பேசியது. அதில் குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் காரியம். நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. அந்த வயதில் ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லாமல் ஒருவர் வீட்டு அடுப்படியில் இருந்தது? நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் அப்படி இருந்தார்கள்? "நாங்கள் மகள் மாதிரித்தான் வைத்திருக்கிறோம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். மகளுக்குத் தனிக் கோப்பை வைப்பதுண்டா? மகள் கதவோரத்தில் பாய் போட்டா படுக்கிறாள்? அனஸ் (ரலி) அவர்கள் சிறு பிள்ளையாக இருந்தபோதே நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். பத்து ஆண்டுகளில் ஒரு முறையேனும் தம்மைச் சலித்துக்கொண்டதில்லை என்று பிற்காலத்தில் அவர்களே சொன்னார்கள். அந்த வீட்டைப் பற்றி அங்கே வேலை செய்தவரின் வாயாலேயே நமக்குச் சாட்சி கிடைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் வீடுகளைப் பற்றி அப்படிச் சாட்சி சொல்ல வந்தவர்கள் இன்னும் எழுதவில்லை. அநேகமாக எழுதுவார்கள். லயத்தில் பிறந்து படித்துவிட்டு ஆசிரியைகளாகவும் எழுத்தாளர்களாகவும் இருக்கும் பெண்கள் இன்று நிறையப் பேர். அவர்களுடைய அக்காமாரோ சின்னம்மாமாரோ யாராவது ஒருவர் ஏதோ ஒரு நகரத்து வீட்டில் வேலைக்கு இருந்திருப்பார்கள். அந்தக் கதை வரும்போது அதில் ஓர் அடுப்படி இருக்கும், ஒரு தனிக் கோப்பை இருக்கும், தொழுகைப் பாயும் இருக்கும். வீட்டுக்காரப் பெண் இயாகோவைப் போல இருக்கமாட்டாள். நல்லவளாகத்தான் இருப்பாள், நோன்பு பிடிப்பவளாக, ஸகாத் கொடுப்பவளாக.

தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியை உங்கள் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வீட்டில் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். பிறகு ஒரு கடிதம் போடுங்கள்: உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் தோட்டத்துப் பிள்ளை யாராவது வேலைக்கு இருந்ததுண்டா, அவள் பெயர் உங்களுக்கு இன்னும் ஞாபகமிருக்கிறதா?